மரவள்ளிக்குப் பன்னிரண்டு மணி நேர இருட்டு

போன செவ்வாய்க்கிழமை, இல்ஃபோர்டிலிருந்து திரும்பும் லண்டன் பஸ்ஸின் மேல்தட்டில் ஒரு வாசனை.

எலுமிச்சைத் தோல், நனைந்த கம்பளி, கொஞ்சம் கருகிய டயர் — மூன்றையும் ஒரே பானையில் மூடிவைத்துத் திறந்தது போல. கடைசி இருக்கையில் இரண்டு இளைஞர்கள், உலகத்திலேயே அப்பாவிகளாக, ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னாலிருந்த பெண்மணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். நான் என்ன செய்தேன்? சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வாசனைக்கு நான் வைத்திருக்கும் பெயர் அவருக்குத் தெரியாதே... குணமண்ணையின் மரவள்ளி!

குணமண்ணை குட்மேய்ஸில் இருக்கும் என் நண்பர். இந்தக் கதை நடந்தபோது பன்னிரண்டு வருஷமாகப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். ஊர் எழும்பும்போது படுப்பார். ஊர் படுக்கும்போது எழும்புவார். பகல் உள்ளே வராமலிருக்கப் படுக்கையறை ஜன்னல் முழுக்கக் கறுப்புக் குப்பைப் பைகளை ஒட்டிவைத்திருந்தார். அப்படியும் நாலு மணித்தியாலத்துக்கு மேல் நித்திரை வராது. சூரியன் ஊசி முனை அளவு ஓட்டையைக் கண்டுபிடித்து, நேரே இவருடைய கண்ணிமைக்கு வந்துவிடும்.

இது நடந்த வருஷம் அவருக்கு இன்னொரு காத்திருப்பும் இருந்தது. பாரிஸில் வாழும் மகளுக்குப் பிள்ளை பிறந்து, பேறு பார்க்க மனைவி போய்விட்டார். மனைவிக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் முன்னமே கிடைத்துவிட்டது. இவருடைய குடியுரிமை விண்ணப்பம் மட்டும் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் ஏதோ ஒரு மேசைக்குக் கீழே நித்திரை கொண்டது. அது எழும்பாமல் இவர் பாரிஸ் போக முடியாது; பேரனைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

மேலே, கூரைக்கு அடியிலிருந்த லொஃப்ட் அறையில், மார்க் என்று ஒரு வாடகைக்காரன். சாதுவான பெடியன். சுவரெல்லாம் வெள்ளித்தாள் ஒட்டி, பெரிய விளக்கொன்றைத் தொங்கவிட்டு, கீழே ஆறு சட்டிகளில் செடி வளர்த்தான். என்ன செடி என்று கேட்டதற்கு, "வெப்ப நாட்டுச் செடி" என்றானாம். வெப்ப நாடு என்றால் நம்முடையதுதானே? இலை வேறு விரல்விரலாக விரிந்திருந்தது. மரவள்ளி என்று குணமண்ணை முடிவு கட்டிவிட்டார். ஊரில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் மரவள்ளித் தோட்டம் வைத்திருந்தவர். ஆகவே இவர் நிபுணர்.

அந்த வசந்தத்தில் மார்க்கின் தகப்பன் ஸ்கொட்லாந்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். "தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், வேறெதையும் தொடாதீர்கள்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான் மார்க். ஒரு கிழமை என்று போனவன் மாதம் ஒன்றாகியும் வரவில்லை.

எனக்குப் போன் வந்தது.

"ஐசே, நீர் எழுதுற ஆள். உமக்குத் தெரிஞ்சிருக்கும். இந்த மரவள்ளியளுக்குப் பெடியன் பதினெட்டு மணித்தியாலம் லைட் போட்டு வைச்சிருக்கிறான். ஆறு மணித்தியாலந்தான் இருட்டு. காணுமோ?"

"செடிதானே அண்ணை..."

"செடியெண்டா? நான் நாலு மணித்தியாலம் படுத்தெழும்பி என்ன பாடுபடுறன் தெரியுமோ? கண் எரியுது. ஆரோடையும் சிரிச்சுக் கதைக்க ஏலாது. உதுகளுக்கு வாயில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்."

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால், கவிதை எழுதிப் பழகிய வாயில் அந்தச் சொல் லேசில் வராது.

"பூ இருட்டிலைதான் அண்ணை யோசிக்குது. பாதிக்குப் பாதி குடுங்கோ. பகலும் இரவும் சமனாய் இருக்கட்டும்."

"பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு?"

"ஓம்."

பூ இருட்டில் யோசிக்கிறது என்ற வரி எனக்கே பிடித்திருந்தது. நோட்டுப் புத்தகத்தில் குறித்தும் வைத்தேன். குணமண்ணை அன்றே டைமரைத் திருகிவிட்டார்.

ஆறு கிழமை கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுபடி போன்.

"ஐசே! பூத்திட்டுது! உடன வாரும்!"

போனேன். கதவைத் திறந்தவர் கோட்டும் சூட்டும் டையுமாக நின்றார். கையில் ஒரு கடிதம். கடைசியில் குரோய்டன் கண் விழித்துவிட்டது. வியாழக்கிழமை டவுன் ஹாலில் குடியுரிமை விழா. மகாராணியின் படத்துக்கு முன்னால் உறுதிமொழி எடுத்தால் இவர் பிரிட்டிஷ்காரர். பிறகு பாஸ்போர்ட், ரயில், பேரன்.

"சூட் எப்பிடி? மேலை லொஃப்டிலைதான் ஒரு மாசமாத் தொங்கவிட்டிருந்தனான். ஈரம் பிடியாத இடம்."

ஏணியில் ஏறும்போதே அது வந்து முகத்தில் அறைந்தது. எலுமிச்சை, கம்பளி, டயர்... விளக்கின் கீழே ஆறு செடிகளும் ஆளுயரம் வளர்ந்து, பச்சையும் செம்மஞ்சளுமாகத் தடித்த பூங்கொத்துகளோடு, பசை மினுங்க நின்றன. அழகு! பொய் சொல்லக்கூடாது, நான் பார்த்த பூக்களில் மிக நிம்மதியாக நித்திரை கொண்ட பூக்கள் அவைதான்.

அப்புறம் இலையைப் பார்த்தேன். அந்த இலையை நான் கேம்டன் சந்தையில் பார்த்திருக்கிறேன். டீ-சேர்ட்டில். தொப்பியில். ஒரு தடவை ஒருவனுடைய கழுத்தில், பச்சை குத்தி.

"அண்ணை, இது மரவள்ளி இல்லை."

"அப்ப?"

சொன்னேன்.

சூட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். "கஞ்சாவோ? ஐயோ... மூண்டு கிழமையா உதுக்கு மோர் ஊத்தினனான் ஐசே!"

"ஆரிட்டையும் சொன்னனீங்களோ?"

"ஒருத்தரிட்டையும் இல்லை." கொஞ்சம் யோசித்தார். "ஸ்டீவிட்ட மட்டும்."

"ஸ்டீவ் ஆர்?"

"விடிய பெற்றோல் ஸ்டேஷனுக்குக் கோப்பி குடிக்க வாறவன். நல்ல மனிசன். எங்கட ஊர்ச் செடி பூத்திருக்கு, வந்து பாரெண்டனான். நாலு மணிக்கு வாறன் எண்டவன்."

"என்ன வேலை செய்யிறார்?"

குணமண்ணை டையைத் தளர்த்தினார். "பொலிஸ்."

மணி இரண்டரை.

"உண்மையைச் சொல்லிவிட்டா என்ன அண்ணை? செடி உங்கட இல்லையே?"

"லைட்டை மாத்தினது ஆர்? நான். தண்ணி விட்டது ஆர்? நான். மோர் ஊத்தினது? நான். பாதிக்குப் பாதி குடுக்கச் சொன்னது..." என்று என்னைப் பார்த்தார்.

நான் விளக்கைப் பார்த்தேன். பன்னிரண்டு மணி நேர இருட்டுக் கிடைத்தால்தான் கஞ்சா பூக்கும் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

எப்படி அப்புறப்படுத்துவது? எரித்தால் தெருவே மயங்கும். கவுன்சில் தொட்டியில் போட்டால் தொட்டி காட்டிக்கொடுக்கும். புதைப்பதுதான் வழி. ஆனால், பின் தோட்டம்வரை எதில் சுற்றிக் கொண்டுபோவது? குணமண்ணை படுக்கையறைக்குப் போய், ஜன்னலில் இருந்த கறுப்புப் பைகளைச் சரசரவென்று கிழித்தெடுத்தார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் பகல் நுழைந்தது. கட்டிலில் ஏறியது, தலையணையைத் தொட்டது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

வெட்டுகிற கத்தியை மட்டும் என்னிடம் தந்துவிட்டார். "என்னாலை ஏலாது. நான் வளத்ததுகள்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோட் சூட் போட்ட ஒருவர் குழி வெட்ட, ஒரு கவிஞன் கறுப்பு மூட்டைகளை இழுத்துவருகிற காட்சியை அண்டை வீட்டு ஜன்னலிலிருந்து யாராவது கண்டிருந்தால், விஷயம் கஞ்சாவோடு போயிருக்காது. மண்ணை மூடி மிதித்தோம். மார்க்குக்குப் போன் செய்தோம். விஷயத்தைக் கேட்டதும் வைத்தவன்தான். அந்த நம்பர் பிறகு அடிக்கவேயில்லை. குசினி ஜன்னலில் இருந்த கறிவேப்பிலைச் சட்டியை மேலே கொண்டுபோய் அந்த ராட்சச விளக்கின் கீழே வைத்தோம். பதினொரு இலை. எண்ணிப் பார்த்தேன்.

நாலு மணிக்கு வாசல் மணி அடித்தது.

ஸ்டீவ் பெரிய உடம்புக்காரர். சாதாரண உடுப்பில், கையில் ஒரு பிஸ்கட் பெட்டியோடு வந்திருந்தார். ஏணியில் ஏறினார். வெள்ளித்தாளைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். தரையில் ஆறு வட்ட ஈரத் தடங்கள். நடுவில் பதினொரு இலை. மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தார். வெளியே விட நீண்ட நேரம் எடுத்தார்.

"இதுதானா அந்தச் செடி?"

"யெஸ்," என்றார் குணமண்ணை. குரல் கறிவேப்பிலையைவிடச் சின்னதாக இருந்தது.

"எத்தனை மணி நேரம் வெளிச்சம் கொடுக்கிறாய்?"

"டுவெல்வ்." பிறகு, வாயை அடக்க முடியாமல்: "அதுக்கும் நித்திரை வேணும், சேர்."

ஸ்டீவ் டைமரைப் பார்த்தார். குணமண்ணையின் சிவந்த கண்களைப் பார்த்தார். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். கையிலிருந்த டவுன் ஹால் கடிதத்தையும் பார்த்தார்.

கீழே வந்து தேத்தண்ணி குடித்தார். பேரனின் படத்தைப் பார்த்தார். யாரும் செடியைப் பற்றிப் பேசவில்லை. வாசலில் குணமண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கி, "வியாழக்கிழமைக்கு வாழ்த்துகள், குணா" என்றார். ஈரடி நடந்தவர் கேற்றடியில் நின்று, மூக்கைத் தடவிக்கொண்டு திரும்பினார்.

"நாளைக்கே அந்த சூட்டை டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடு."