நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துத் திருத்தம்

மணிமொழி அக்காவுக்குக் குடும்ப நாவல் என்றாலே எரிச்சல். ராயப்பேட்டையில் நாங்கள் வேலை பார்த்த பதிப்பகத்துக்கோ வருவதெல்லாம் அதுதான். அவர் பிழை திருத்துவார், நான் கணினியில் பக்கம் அமைப்பேன். கண்ணகி நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, சிவப்புப் பேனாவைத் திறக்கும்போதே வாயையும் திறந்துவிடுவார்.

“லாரன்சு, இந்த வருசத்துல இது ஒம்பதாவது. அண்ணன் தம்பி அடிச்சிக்கிறான், அம்மா ஆஸ்பத்திரில படுத்துக்கினு கீது, கடைசி அத்தியாயத்துல எல்லாரும் கட்டிப்புடிச்சி அழுவுறாங்கோ. இன்னா குடும்பம் இது? ஒருத்தன்கூட மூஞ்ச திருப்பிக்கினு போவ மாட்டானா?”

சிநேகிதம் பற்றிய நாவல்கள் இன்னும் மோசம் என்பார். பணக்காரத் தோழி புத்தகம் கொடுப்பாளாம், ஏழைத் தோழி பக்கம் பக்கமாக நன்றி சொல்வாளாம். இருவரில் எழுதியது யார் என்று அட்டையைப் பார்க்காமலே தெரிந்துவிடுமாம். எனக்குச் சிரிப்பு வரும். அவர் சிரிக்க மாட்டார்.

போன மார்ச்சில் ஜலஜா மேடத்தின் நாவல் வந்தது. ‘என் தோழி மணிதான் திருத்த வேண்டும்’ என்று அவரே கேட்டு அனுப்பியிருந்தார். அபிராமபுரத்தில் அவர்கள் வீட்டில்தான் அக்காவின் அம்மா சமையல் வேலை பார்த்தார். இரண்டு பெண்களும் ஒன்றாகவே வளர்ந்தவர்கள்.

அந்த நாவலைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே பயமாகிவிட்டது. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை என் முன்னால் வைத்தார். ‘சமையல்காரியின் மகன் கதிரேசன் சங்கிலியைத் திருடினான். ஆனாலும் எங்கள் நட்புக்காக அவனை மன்னித்தோம்’ என்று இருந்தது.

கதிரேசன் அக்காவின் தம்பி. பெயரைக்கூட மாற்றவில்லை. அவனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது ஜலஜாவின் சங்கிலி காணாமல் போனது. போலீஸ் அவனைக் கூட்டிப்போய் இரண்டு நாள் அடித்தது. திரும்பி வந்தவன் சைதாப்பேட்டையில் ரயில் முன் விழுந்தான். பத்து நாள் கழித்து, சங்கிலி ஜலஜாவின் கல்லூரிப் பைக்குள்ளேயே கிடந்தது.

“எங்கிட்ட மட்டும் சொல்லி அழுதா. வெளிய தெரிஞ்சா அப்பாவுக்கு அசிங்கம்னா. நானும் வாய மூடிக்கினேன். எம்புள்ள திருடனான்னு கேட்டுக்கினே செத்துது எங்கம்மா. அதுங்கிட்டகூட சொல்லல நான்.”

‘திருடினான்’ என்பதை அடித்து ‘திருடவில்லை’ என்று எழுதியிருந்தார் அக்கா. அடுத்த வரியை முழுக்க அடித்திருந்தார். இருபது வருடத்தில் ஒற்றெழுத்தையும் காற்புள்ளியையும் தாண்டி எவருடைய சொல்லையும் அவர் தொட்டதில்லை. நான் அப்படியே கணினியில் ஏற்றி, ஜலஜா மேடத்தின் பார்வைக்கு அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில், ‘மணி, இது நாவல்தானே? இங்கே பிழையில்லை. பழையபடியே இருக்கட்டும்’ என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றையும் வரைந்திருந்தார்.

 பதிப்பாளர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ‘திருடவில்லை’யை அழித்து ‘திருடினான்’ என்று அடித்தேன். மன்னித்த வரியையும் திரும்பச் சேர்த்தேன். அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

“ஒரு நிமிசம் யோசிச்சிருக்கலாம்ல, நைனா” என்றார்.

யோசிக்கவில்லை. மாலைக்குள் அச்சுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள், அனுப்பிவிட்டேன்.