கம்பைநல்லூர் சந்தையில் மாப்பிள்ளை

கம்பைநல்லூர் சந்தை. எங்கள் குழுவின் சிரிப்பு நாடகத்துக்கு எழுதிவைத்த வசனமே கிடையாது. கூட்டம் சொல்கிற கதையை அப்போதே நடிப்போம். அதை விளக்குவது என் பொறுப்பு. பயத்தில் அளவுக்கு மீறி விளக்குகிறேன்: "நடுவுல நீங்களும் வந்து பேசலாம்!"

வளையல்கடை பாய் டிரான்சிஸ்டரை அணைக்கிறார். "பொண்ணு பாக்குறதக் காட்டுங்க."

எங்கள் குழுவின் செல்வி பெண்ணாக உட்காருகிறாள், நான் மாப்பிள்ளை. வாய் திறப்பதற்குள், தக்காளி விற்கிற அம்மா எழுந்துவந்து செல்வி பக்கத்தில் நிற்கிறார்.

"மாப்ளைக்கு என்ன வேலைங்க?"

"நாடகம் போடுறேங்க."

"வசனம் எழுதி வெச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க, வாய்க்கு வந்ததுதான்."

"எந்திரி கண்ணு, நம்ம வூட்டுக்குப் போலாம்."

சந்தையே கைதட்டுகிறது. செல்வி திரும்பிக்கூடப் பார்க்காமல் போய், தக்காளிக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பாய் எனக்குச் சோடா நீட்டுகிறார்.

"கவலப்படாதீங்க மாப்ளே, வேற எடம் பாக்கலாம்."