ரத்தம் கொடுக்கப் போனவள்

எங்கள் கம்பெனியில் ஆண்டு விழாவை ஒட்டி ரத்ததான முகாம் நடத்துவார்கள். கேன்டீன் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கட்டில் போடுவார்கள். ஒவ்வொரு லைனிலிருந்தும் இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்று சூப்பர்வைசர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். ஆள் சேர்ப்பது அவர்கள் பாடு. அதிகம் பேரை அனுப்பும் லைனுக்கு ஒரு ஷீல்டும் உண்டு. கொடுத்தவர்களுக்கு ஜூஸ், பிஸ்கெட், ஒரு சான்றிதழ். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், கொடுத்து முடித்ததும் காலை நீட்டிக் கொஞ்ச நேரம் படுக்க விடுவார்கள். நான் பெயர் கொடுத்தது அதற்காகத்தான்.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. ஒன்றரை வருடமாக உடம்பிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் கொடுத்தாலாவது படுக்கலாமே என்று வரிசையில் போய் நின்றேன். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரகடத்தில் காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கும் லைன் எங்களுடையது. ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை. பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, நம் இடத்தில் நிற்க ரிலீவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். லைனுக்கு ஒரே ரிலீவர். மூத்திரத்தை அடக்கலாம். இதை எப்படி அடக்குவது? இரண்டு நாப்கினைச் சேர்த்து வைத்து, அதன்மேல் பழைய துணியை மடித்து வைத்தும், ஒரு மணி நேரம் தாங்காது. யூனிஃபார்ம் பேண்ட் வெளிர் சாம்பல் நிறம். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்த மகராசனுக்கு ஒரு மாதமாவது தீட்டு வந்திருக்க வேண்டும். கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது, பார்ட்ஸ் வரும் பிளாஸ்டிக் கவரை சீட்டில் விரித்து அதன்மேல் உட்காருவேன்.

சும்மா இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதலில் கம்பெனி மெடிக்கல் ரூமுக்குத்தான் போனேன். அங்கிருந்த நர்ஸ் பெண், ரத்தப்போக்கு நிற்பதற்கு மாத்திரை கொடுத்தாள்.

"தீட்டு நிக்கப் போற வயசுல இப்டித்தான்க்கா போவும். எங்கம்மாக்கும் போச்சு."

உங்கம்மா எட்டு மணி நேரம் நின்றுகொண்டு ஒயர் கட்டினாரா என்று கேட்டிருக்க வேண்டும். மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன். சில நாள் நின்றது. பிறகு வட்டியும் முதலுமாக வந்தது.

என் வீட்டுக்காரர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். "கெட்ட ரத்தம் போவுது, போவட்டும் வுடு. நிறுத்துனாதான் ஆபத்து" என்றார். எனக்குள் அவ்வளவு கெட்டது இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆனால் தவறாமல் பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் வாங்கி வந்து வைப்பார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களுக்குக் காதும் கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு, அவரை இழுத்துக்கொண்டு படப்பையில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். பெண் டாக்டர். பெண் என்பதால் புரியும் என்று நம்பிப் போனேன். அந்த அம்மா என்னைத் தொட்டும் பார்க்கவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"பசங்க எத்தனை?"

"ரெண்டு மேடம். பெரியவங்களாயிட்டாங்க."

"அப்புறம் கர்ப்பப்பை எதுக்கு? எடுத்துடலாம்."

வீட்டில் இடத்தை அடைக்கும் பழைய பீரோவைப் பற்றிப் பேசுவதுபோல இருவரும் பேசிக்கொண்டார்கள். நான் நடுவில் புகுந்தேன். "எதனால இப்டிப் போவுதுன்னு பாக்க வேணாமா மேடம்?"

"எடுத்துட்டா, எதனாலன்னு பாக்க வேண்டிய அவசியமே இல்லையே" என்றார்.

ஒரு பக்கம், ஒன்றுமே இல்லை, பொறுத்துக்கொள் என்கிறார்கள். இன்னொரு பக்கம், மொத்தமாக எடுத்துப் போடு என்கிறார்கள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. என் வீட்டுக்காரர் தலையாட்டப் போவதைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஷேர் ஆட்டோவில் வரும்போது, "டாக்டர வுட நீ பெரிய ஆளா?" என்றார். அதற்குப் பிறகு எந்த டாக்டரிடமும் போகப் பிடிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் முகாம் வந்தது.

வரிசையின் முன்னால் ரத்த வங்கியிலிருந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்து, ஒவ்வொருவர் விரலையும் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை நீலத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். சத்துள்ள ரத்தம் அதில் மூழ்குமாம். எனக்கு முன்னால் நின்ற பையனின் சொட்டு கல்லைப் போட்டதுபோல அடியில் போய் உட்கார்ந்தது. என்னுடையது மூழ்கவே இல்லை. மேலேயே மிதந்தது. அந்த அம்மா இன்னொரு விரலைக் குத்திப் பார்த்தார். அதுவும் மிதந்தது. என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யம்மா, உனக்குத் தீட்டு ரொம்பப் போவுதா?"

தலையாட்டினேன்.

"கட்டி கட்டியா வருதா? எவ்ளோ நாளா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றரை வருடத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆனது? ஒரு விரலைத் துடைக்கும் நேரம்.

"நீ குடுக்கக் கூடாதும்மா. உனக்குத்தான் யாராவது குடுக்கணும். இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லி, காலியாக இருந்த கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார். ஜூஸையும் கையில் கொடுத்தார்.

எங்கள் சூப்பர்வைசர் வந்து நின்றார். தெற்கத்திப் பையன், என் மூத்த மகன் வயது இருக்கும். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

"ரத்தம் கொடுக்கலைன்னா லைனுக்கு வந்துருங்கக்கா. ரிலீவர் இல்ல, பாத்துக்கோங்க."

"இவங்க எழுந்து நின்னா வியுந்துடுவாங்க. வியுந்தா நீ பதில் சொல்லுவியா?" என்றார் அந்த அம்மா. சூப்பர்வைசர் போய்விட்டார்.

வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். சரக்கை இறக்காமலே வேனோடு வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் அன்றே சேர்த்துக்கொண்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள். யாரோ ஒரு புண்ணியவான், இதுபோல ஒரு கேன்டீனில் படுத்துக் கொடுத்ததாக இருக்கும். ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளிருந்து துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்; உயிர் போய் வந்தது. புற்றுநோய் இல்லை என்று வந்தது. அங்கிருந்த டாக்டர் பெண் சின்ன வயதுதான். ஸ்கேன் படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். உள்ளே ஒரு நார்க்கட்டி இருந்தது. அதோடு, மாதவிடாய் நிற்கப் போகும் வயதில் ஹார்மோன் தாறுமாறாவதால் கர்ப்பப்பையின் உள்சவ்வும் தடித்திருந்தது. இவ்வளவுதான் பதில். இதற்குத்தான் ஒன்றரை வருடம்.

"இப்ப எடுக்க வேண்டியதில்லை. காப்பர் டி மாதிரி ஒண்ணு உள்ள வெக்கலாம், மருந்து அதுலயே இருக்கும், போக்கு குறையும். கேக்கலைன்னா அப்புறம் பேசலாம். அப்பவும் முடிவு நீங்கதான் எடுக்கணும்" என்றாள். நீங்கதான் என்றபோது என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அவளும் ஒன்று கேட்டாள். "இவ்ளோ மோசமாகற வரைக்கும் ஏம்மா யார்கிட்டயும் காட்டாம இருந்தீங்க?"

"காட்டுனேன் மேடம். காட்டாத ஆளே பாக்கி இல்ல" என்றேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேலைக்குத் திரும்பிய அன்று, ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரும் வரிசையாக நின்றோம். சூப்பர்வைசர் வழக்கம்போல டார்கெட்டைச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரே ஒரு ஆளுலதான் நம்ம லைனுக்கு ஃபர்ஸ்ட் போயிருச்சு. அன்னைக்கு அக்கா மட்டும் ரத்தம் கொடுத்திருந்தா ஷீல்டு நமக்குத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள்.

"குடுத்துகினுதான் சார் இருந்தேன்" என்றேன். "ஒன்றரை வருசமா, இதே எடத்துல நின்னுகினு. கைய தூக்கித் தூக்கிக் காட்னேன். நீங்கதான் ரிலீவர் அனுப்பல."

மணி அடித்தது. அவரவர் இடத்துக்குப் போனோம்.