கெலிஓயா – கண்டி: ஆடிக் காற்றில் ஏழு மைல், ஒரு முடக்கு

கெலிஓயாவிலிருந்து கண்டிக்கு தினமும் சைக்கிளில் போய்வர முடியுமா என்று இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். முடியும். கண்டியில் ஓர் இரும்புக் கடையில் கிளாக்கராக இருக்கும் நான் இரண்டு வருடமாகப் போய்வருகிறேன். ஆனால் ஆடி மாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

காலை ஆறு பத்துக்குக் கிளம்பினால் பேராதனைப் பாலத்தை ஆறரை தாண்டிப் பிடிக்கலாம். அங்கிருந்து கண்டி நாலு மைல், பாதி ஏற்றம். கடைசி ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதில் வெட்கமே வேண்டாம், நான் இன்றும் தள்ளுகிறேன். ஏழேகாலுக்கு டவுணில் இருப்பீர்கள். வழியில் பஞ்சர் ஒட்டப் பத்துச் சதம் கேட்பார்கள்.

ஆடியில் தொல்லை மழையல்ல, குப்பை. ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வரும் காற்று சிகரட் பெட்டி, வாழைச்சருகு, படக்கொட்டகை நோட்டீஸ் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து முகத்தில் அறையும். சருகு செயினில் மாட்டினால் நின்று எடுத்துவிட்டுப் போங்கள். ஈர நோட்டீஸ் ஒன்று கண்ணில் ஒட்டி, நான் ஒருமுறை சாலையோரச் சாக்கடைக் கானுக்குள் இறங்கியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு ஓட்டுவது நல்லது.

எனக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. எழுதிய காகிதம் சரஸ்வதி, காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று வளர்ந்தவன் நான். கால் படக்கூடாதென்றால் சக்கரம் மட்டும் ஏறலாமா? ஆகவே எழுத்துள்ள காகிதம் எது குறுக்கே வந்தாலும் இறங்கி, எடுத்து, ஒற்றி, சைக்கிள் பைக்குள் போட்டுவிடுவேன். பிறர் காகிதத்தைப் படிக்க மாட்டேன். கடையில் எல்லோருக்கும் இது பெரிய வேடிக்கை. சிரித்துவிட்டுப் போகட்டும்.

பாலத்துக்கு ஒரு மைல் முன்னால் சாலை ஆற்றை ஒட்டித் திரும்பும் ஒரு முடக்கு இருக்கிறது. ஒரு பெரிய பலாமரம், கீழே ஆறு, வீடு எதுவும் கிடையாது. மற்ற இடங்களில் பறக்கிற குப்பை ஏனோ அங்கே பறப்பதில்லை. காற்று மரத்தின் உச்சியில் மட்டும் இரைந்துகொண்டிருக்கும், தரை அசையாது. ஆனி கடைசியில் ஒரு திங்கட்கிழமை அங்கே நாலாக மடித்த ஒரு தாள் நடுச் சாலையில் கிடந்தது. நான் கிட்டப் போனதும் அது இரண்டு முறை புரண்டு முன்சக்கரத்துக்கு நேரே வந்து நின்றது. மசி தெரிந்ததால் எடுத்துப் பையில் போட்டேன். அடுத்த திங்கட்கிழமையும் அதே இடத்தில் ஒரு தாள். அதற்கடுத்த திங்களும் அப்படியே. மற்ற நாட்களில் ஒன்றும் இருக்காது. நாலாவது வாரம் அந்த முடக்கு நெருங்கும்போதே பிரேக்கைப் பிடித்துவிட்டேன்.

ஆறாவது தாள் மடிப்புக் குலைந்து பறந்து வந்து சைக்கிள் கைப்பிடியில் விரிந்து ஒட்டிக்கொண்டது. படிக்காமலிருக்க வழியில்லை. ‘அன்புள்ள மகன் முத்தையாவுக்கு’ என்றிருந்தது. எழுத்து என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கெலிஓயாவில் காசிம் நானாவின் சில்லறைக் கடை விறாந்தையில் உட்கார்ந்து தோட்டத்துச் சனங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். மேல் தோட்டத்து ராமாயி ஆனிக் கடைசியிலிருந்து வாராவாரம் மகனுக்கு ஒன்று எழுதச் சொல்லுவாள். விலாசம் வேண்டாம், கையிலேயே போய்ச் சேரும் என்பாள். ஊருக்குப் போகிறவர்களிடம் கடிதம் கொடுத்தனுப்புவது எங்கும் வழக்கம்தானே என்று நானும் கேட்காமல் விட்டேன்.

அன்று மாலையே நானாவிடம் தாளைக் காட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. “அந்த மனுசிட மகன் மவுத்தானது அந்த முடக்கில தானே, தம்பி. போன வருசம், லொறி அடிச்சு. உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சன்” என்றார். லொறி அடித்ததைக் கேள்விப்பட்டிருந்தேன், யார் மகன் என்றுதான் தெரியாது.

மீதியையும் அவரே சொன்னார். ராமாயி ஞாயிறு மாலை கடிதத்தைப் பலாமரத்து வேரில் வைத்துவிட்டுப் போவாளாம். திங்கள் வேலை விட்டதும் வந்து பார்ப்பாளாம். கடிதம் இருக்காது. மகன் எடுத்துக்கொள்கிறான் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். ஆட்குறைப்பில் மருமகனுக்குப் பேர் வெட்டியாகிவிட்டது. மகள் குடும்பம் வருகிற புதன்கிழமை ரயிலேறித் தலைமன்னார் வழியாகக் கடல் கடந்து இந்தியாவுக்கு, ஊருக்குப் போகிறது. ராமாயியையும் கூட்டிப்போக மகள் அழுகிறாள். மகன் இங்கே இருக்கும்போது எப்படி வருவேன் என்கிறாளாம் இவள். இந்த வயதில் தனியாக லயத்தில் கிடந்தால் தண்ணீர் கொடுக்க யார்?

எடுத்தது நான். சரஸ்வதி என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு தாயை ஊர் போகவிடாமல் பண்ணிக்கொண்டிருந்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவதென்றுதான் போனேன். அவள் வந்து உட்கார்ந்து, வழக்கமான நலம் விசாரிப்பு இல்லாமல் சொல்லத் தொடங்கினாள். “அக்கா ஊருக்குப் போறா. நான் இருக்கணும்னா இந்தக் காகிதத்த எடுத்துக்க. போகணும்னா அப்படியே விட்டுரு. இப்படி எழுதுங்க ஐயா.” எழுதினேன். வாயைத் திறக்கத் துணிவு வரவில்லை என்பதுதான் உண்மை. எடுக்காமல் விட்டால் போதுமே, அவள் போய்விடுவாளே என்று மனம் சமாதானம் சொன்னது.

திங்கள் காலை காற்றே இல்லை. கடிதம் வேரடியிலிருந்து நகராமல் இருந்தது. பிறகு காற்று கிளம்பினால் என்ன செய்வது என்று, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு கல்லைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தேன். காகிதத்தின் ஓரம் வெளியே தெரியும்படி வைத்தேன், அவள் கண்ணில் பட வேண்டுமே. எழுத்தின்மேல் கல் ஏற்றியது அதுதான் முதல் தடவை. கும்பிட்டுவிட்டுப் போனேன்.

கடையில் வேலை ஓடவில்லை. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு நாலு மணிக்கே கிளம்பி, ஐந்துக்கு முடக்குக்கு வந்தேன். ராமாயி கூடையோடு அங்கே நின்றாள். கல் நான் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. கடிதத்தின் ஓரம் தெரியவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டுக் கல்லைப் புரட்டினேன். கீழே ஈர மண்ணில் காகிதம் பதிந்த அடையாளம் மட்டும் இருந்தது.

இனி மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பையிலிருந்த ஆறு கடிதங்களையும் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். எடுத்தது நான்தான், காற்றில் வந்தது, எழுத்தாயிற்றே என்று எடுத்தேன், உன் மகன் வரவில்லை, நீ மகளோடு போ என்று கெஞ்சினேன். அவள் கோபிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு மடியில் கட்டிக்கொண்டாள்.

“இந்த ஆறும் நீங்க எடுத்தது, சரி ஐயா. கல்லு வச்சதும் நீங்கதான்” என்றாள். “அப்ப இத எடுத்தது யாரு?”

காற்று கல்லைத் தூக்கிக் கடிதத்தை எடுத்துவிட்டு மறுபடி வைக்காது. வேறு யாரும் எடுத்ததாகக் காசிம் நானா விசாரித்தவரையில் தகவல் இல்லை. புதன்கிழமை மகள் குடும்பம் மட்டும் போயிற்று.

இந்த வழி வர நினைப்பவர்களுக்கு: சைக்கிளுக்கு நல்ல பிரேக் போடுங்கள், வேட்டியைக் கிளிப் போட்டு இறுக்குங்கள், ஆடி முடியும்வரை கண்ணாடி அணிந்து ஓட்டினால் புழுதிக்கும் குப்பைக்கும் பாதுகாப்பு. எழுத்துள்ள காகிதம் குறுக்கே வந்தால் என்ன செய்வதென்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

ராமாயி இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறாள். அவள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கிறேன். திங்கட்கிழமைகளில் மட்டும் நான் பஸ்ஸில் போகிறேன். கண்டிக்குப் பதினைந்து சதம். ஆற்றுப் பக்கம் உட்காருவதில்லை.