பேர் மாஃபி

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், குவைத்தின் ஃபஹாஹீலில் மூன்று மளிகைக்கடையும் ஒரு மெஸ்ஸும் எழுப்பி நிறுத்தினேன். மணலும் புழுக்கமும் தவிர அப்போது எனக்குத் துணை யாருமில்லை.

ஒருநாள் கடைக்கு அரிசி விற்க ஒரு வியட்நாம் சீனர் வந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைப் புருவம். பேச்சைத் தொடங்குவதற்கு முன் நாலு அரிசியை வாயில் போட்டுக் கண்ணை மூடி மெல்லுவார். வெளியே தூசிக்காற்றில் கடலும் தெருவும் ஒன்றாகிக் கிடந்தன. அவர் மெல்லுகிற சத்தத்தில் எனக்கும் கண் சொக்கியது.

“சைகோன் அரிசி வியாபாரமே உங்க ஆளுங்க கையிலதானாமே, பாய்?” என்று, தொழிலாளர் கேம்ப்புகளில் எல்லா நாட்டாரும் பேசும் அரைகுறை இந்தியில் கேட்டேன்.

“ஆலை, படகு, கடை எல்லாம் எங்க தாத்தாமார் போட்டது. சண்டை முடிஞ்சதும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. மறுபடி முதல்லேருந்து போட்டோம். பழைய ஆலை இன்னும் இருக்கு பாய், அதுல எங்க பேர் மாஃபி.” இல்லை என்பதை அரபியில் சொல்லிச் சிரித்தார். பிறகு என் கடைப் பலகையைக் காட்டினார். “இதுல உங்க பேர் எங்க?”

உரிமம் எனக்குப் பொறுப்பேற்ற உள்ளூர்க்காரரான கஃபீல் பெயரில் இருப்பதால், பலகையிலும் அந்த அரபிக்காரர் பெயர்தான். “எனக்கும் மாஃபிதான்” என்றேன்.

அவர் தூசிக்குள் நடந்து கரைந்தார். அவர் சொல்லிவிட்டுப் போன தன் பெயர் என் நாக்கில் நிற்கவில்லை. மென்ற அரிசியின் பால்வாசனை மட்டும் நிற்கிறது.

இந்தத் தெருவைப் பற்றி எழுதுகிறவர்கள் கஃபீல் பெயரைத் தாராளமாக எழுதட்டும். பக்கத்திலேயே, கட்டியவன் இவன் என்று என் பெயரையும் எழுதத்தான் வேண்டும்.