பொங்காலை போட்ட கை

போன செவ்வாய்க்கிழமை ஆரியசாலைக் கடைத்தெருவில் என்னை ஒருவர் வழிமறித்தார். மிளகு வியாபாரி. இந்தப் பத்தியை வாரம் தவறாமல் வாசிக்கிறவர். வாசித்துவிட்டுக் குறை சொல்லவும் தவறாதவர்.

"ஓய் பிள்ளைவாள், பஸ்ஸிலே இடம் கிடைக்கல்லே, கத்திரிக்காய் விலை ஏறிப்போச்சுன்னு எத்தனை வாரம்வே எழுதுவீரு? உம்ம வீட்டுக்காரி முடங்கின கையாலே ஆற்றுக்கால் கோயில்லே பொங்காலை போட்டாளாமே! என் வீட்டிலே கண்ணாலே பாத்துட்டு வந்து சொன்னா. அம்மன் கண் திறந்துட்டா ஓய்! அதை எழுதும்!"

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாக்குக்காக எழுதுகிறேன். ஆனால் அவர் கேட்டது பொங்காலை நாளோடு முடிகிற கதை. என் வீட்டில் அது அன்றோடு முடியவில்லையே!

என் மனைவி சிவகாமிக்குக் கைகால் மூட்டெல்லாம் வீங்கி நோகிற தீனம் வந்து சில வருஷங்களாகிறது. முதலில் ஒருநாள் காலை கிணற்றுக் கயிறு பிடியில் நிற்கவில்லை. வாளி தண்ணீருக்குள் போய்விட்டது. பிறகு தோசை திருப்ப முடியவில்லை. பிறகு சேலை முந்தியைச் செருக முடியவில்லை.

இந்தத் தீனத்தில் ஒரு விசித்திரம் உண்டு. விடியும்போது விரல்கள் மரக்கட்டை. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். சாயங்காலம் அம்மன் படத்துக்குப் பிச்சிப்பூ கட்டுமளவுக்கு வந்துவிடும். மறுநாள் காலை பழையபடி மரக்கட்டை.

பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? அடுத்த வீட்டில் இருக்கிற என் அக்காள் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"காலம்பற சட்டி தூக்க மாட்டாத கை, சாயங்காலம் பூக் கட்டுது. நல்ல தீனம்தான் இது! வேலை நேரம் பாத்துல்லா வருது?"

சிவகாமி சிரித்தாள். "இது கவர்மெண்டுத் தீனம் மைனி. காலையிலே வந்து கையெழுத்துப் போட்டுரும். உச்சைக்கு மேலே ஆளைக் காணாது."

சிரித்தவள் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை அக்காள் பார்க்கவில்லை.

தைலம், கஷாயம், எண்ணெய் தேய்த்து உழிச்சில், பத்தியம்... ஒன்று பாக்கியில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நல்ல மனுஷன். மலையாளி என்றாலும் எங்களிடம் தமிழில் பேசப் பார்ப்பார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளே, இது ஏன் வருதுன்னு எனக்குத் தெரியாது. சீமை டாக்டரைக் கேட்டாலும் தெரியாது. மூட்டுக்குள்ளே தீ பிடிச்ச மாதிரியாக்கும். யார் வச்ச தீயும் இல்லை. உடம்பு தனக்குத்தானே வச்சுக்கிட்டது."

புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறதாம். பம்பாயிலிருந்து வரவழைக்க வேண்டும். "ஆனா ஒண்ணு, கேட்டோ. இது தீயை அணைக்காது. சாம்பலைப் போட்டு மூடும், அவ்வளவுதான். வெறும் வயத்திலே மட்டும் சாப்பிடப்படாது."

மாத்திரை வந்தது. என்னத்தைச் சொல்ல! அந்த வாரமே ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டாள். தேங்காய் துருவினாள். விடியற்காலையில் தானாக எழுந்து வாசல் தெளித்தாள். அவள் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டு நான் படுக்கையில் கிடந்தபடியே அம்மனைக் கும்பிட்டேன்.

மாசம் ஒன்று போவதற்குள் முகமும் உருண்டு திரண்டுவிட்டது. "கலியாணப் பொண்ணாட்டம் ஆயிட்டியே!" என்று அக்காளே கன்னத்தைக் கிள்ளினாள். எனக்கும் பெருமைதான். டாக்டர் மட்டும் அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"இது சதையில்லை பிள்ளே, மருந்தோட வீக்கம். இனிக் கொஞ்சம் குறைக்கணும்."

"பொங்காலை கழியட்டும் டாக்டரே" என்றாள் சிவகாமி.

தீனம் வந்த புதிதிலேயே அவள் நேர்ந்திருந்தாள். கை நேரானால், பிறத்தியார் கை படாமல் தானே கல் கூட்டி, தானே பானை ஏற்றி, ஆற்றுக்கால் அம்மைக்குப் பொங்காலை போடுவதாக. பொங்காலையில் அதுதானே விசேஷம்? பூசாரி பொங்க மாட்டார். புருஷன் பொங்க முடியாது. அவரவர் அடுப்பு, அவரவர் கை. கை முடங்கிக் கிடந்த வருஷங்களில் அக்காள் அவளுக்கும் சேர்த்துப் பொங்கி, பிரசாதம் கொண்டுவந்து கொடுப்பாள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஆனால் ஒரு வாய்க்கு மேல் அவளுக்கு இறங்காது.

இந்த மாசி பிறந்ததும் விரதம் தொடங்கினாள். ஊரார் பிடிக்கிற விரதம் போதவில்லை அவளுக்கு. உச்சைக்கு ஒரு வேளை, ஒரு பிடி பச்சரிசிச் சோறு, அவ்வளவுதான். காலையும் ராத்திரியும் மாத்திரையைத் துளசித் தீர்த்தத்தோடு விழுங்கிவிடுவாள்.

"மருந்தை நான் நிறுத்தல்லியே. விரதத்தையும் விடல்லே. ரெண்டும் அதது பாட்டுக்கு நடக்கட்டும்" என்றாள்.

வீட்டில் எவருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. எங்கள் கூட்டத்தில் மருந்து விரதத்தை முறிக்காது. விரதம் மருந்தை முறிக்கும் என்று யார் கண்டது?

நெஞ்சு எரிகிறது என்று இரண்டொரு தடவை சொன்னாள். உடனே அவளே, "பட்டினி கிடந்தா எரியத்தான் செய்யும்" என்று பதிலும் சொல்லிக்கொண்டாள்.

பொங்காலை அன்று ஆண்பிள்ளைகள் நாங்கள் பாதையோரமாக ஒதுங்கி நின்றோம். கோயில் மைதானம் முழுக்கப் பெண்கள், வரிசை வரிசையாக அடுப்பு. மூன்று செங்கலையும் அவளே தூக்கி வைத்ததைக் கண்ணால் கண்டேன். கோயிலுக்குள்ளிருந்து வந்த தீ, அடுப்புக்கு அடுப்பு கைமாறி அவளிடம் வந்தது. காய்ந்த ஓலையில் அதை வாங்கித் தன் அடுப்பை மூட்டினாள். அப்புறம் புகைதான். ஆளே தெரியவில்லை. பானை பொங்கிக் கிழக்கே வழிந்தபோது ஒரு குரவைச் சத்தம். நூறு குரவைக்கு நடுவிலும் அவள் குரவை எனக்குத் தெரியாதா?

தீர்த்தம் தெளித்து முடிந்து, சூடு ஆறாத பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் கரி. கண்ணெல்லாம் தண்ணீர்.

"இந்தக் கையாலேயாக்கும்" என்று இரண்டு உள்ளங்கையையும் எனக்கு முன்னால் விரித்துக் காட்டினாள்.

மிளகு வியாபாரி வீட்டம்மாள் கண்டது இதுவரைக்கும்தான்.

அன்று பொழுது சாயும்போது வாந்தி எடுத்தாள். காப்பித்தூளைக் கலக்கிக் கொட்டியதுபோல ஒரு கறுப்பு. ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வயிற்றுக்குள்ளே புண்ணாகி ரத்தம் கசிகிறது என்றார்கள். பிழைத்தது அம்மன் புண்ணியம்.

அவள் கண் திறந்து பேசத் தொடங்கியதும் டாக்டர் கட்டிலண்டை வந்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை என்று எனக்குப் பட்டது.

"அம்மே, இனி இந்த மாத்திரை ஆகாது. ஒரேயடியா நிறுத்தினாலும் ஆபத்து. குறைச்சுக் குறைச்சு நிறுத்திரலாம்."

"நிறுத்தினா கை?"

அவர் கட்டிலில் தொங்கிய சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"சொல்லுங்க டாக்டரே. கை பழையபடி ஆயிருமா?"

"உயிர் வேணுமா, கை வேணுமா அம்மே?"

"கைதான் வேணும்" என்றாள் யோசிக்காமல். "ஒரு உருண்டைச் சோத்தை வாயிலே போட ஒருத்தர் கையைப் பாத்துக் கிடக்கிறதுக்குப் பேரு உயிரா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாத்திரை குறையக் குறைய, சாம்பலுக்குள் கிடந்த தீ மேலே வந்தது. முன்பு இருந்ததைவிட மோசம். முன்னெல்லாம் சாயங்காலமாவது கை இளகும். இப்போது அந்தச் சாயங்காலமும் இல்லை. விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. இனி வேலை நேரம் பார்த்து வருகிற தீனம் என்று எவரும் சொல்ல முடியாது... அதுதான் மிச்சம்.

அப்படியும் பேச்சு நின்றதா? "விரதத்திலே என்ன குத்தம் வந்துதோ" என்கிறாள் அக்காள். கை நேரானபோது அது அம்மன் அருள். முடங்கியபோது சிவகாமியின் குற்றம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மாத்திரை இருந்தது, ஒரு காலி வயிறு இருந்தது என்பது யார் கணக்கிலும் வரவில்லை. நோய் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். நமக்கு அது பொறுக்காது. இறங்கினால் மாலை போட ஒரு ஆள் வேண்டும், ஏறினால் பழி போட ஒரு ஆள் வேண்டும்.

எனக்கு அம்மன் பேரில் மனக்குறை கிடையாது. பட்டினி கிடந்து பொங்கு என்று அவள் எங்கே கேட்டாள்? கேட்டதெல்லாம் நாங்கள்தான்.

நேற்று வெள்ளிக்கிழமை. விளக்கு ஏற்றியது நான். சிவகாமி படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். வழக்கம்போலக் கும்பிடப் போனாள். கைகள் நெஞ்சுவரை வந்தன. மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டியது. உள்ளங்கைகள் சேரவில்லை. விரல்கள் ஆளுக்கொரு திக்கில் நின்றன. இரண்டு தடவை முயன்று பார்த்தாள். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டாள்.

"கேட்டியளா, கை சேரல்லேன்னா அது கும்பிட்டதா ஆகுமா?"

"ஆகும்" என்றேன்.

"ஆரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நான் வேதம் படித்தவனும் இல்லை, சாஸ்திரம் தெரிந்தவனும் இல்லை. ஆனாலும் ஆகும். ஆகித்தான் தீரவேண்டும்.