பிறந்த தேதி இல்லாதவர்கள்

காலை ஆறு இருபதுக்கு, நான் செய்த குடும்ப மர வலைப்பக்கத்தின் இணைப்பைக் குடும்ப வாட்ஸாப் குழுவுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் அனுப்பினேன். அன்று தென்னூரில் ஒரு சின்ன மண்டபத்தில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனேன். குளிக்கும்போது பாடிக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி இப்போதும் சொல்லிக் காட்டுகிறாள்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, “உங்க வீட்டுல யாருக்கு யாரு என்ன உறவுன்னு ஒரு படம் போட்டுக் குடுங்க, மனப்பாடம் பண்ணிக்கிறோம்” என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் மென்பொருள் வேலை பார்க்கிறவன், விடவில்லை. சித்தப்பா மகன் எப்போதோ கணினியில் தட்டிவைத்திருந்த குடும்ப விவரங்களை வாங்கி, போனில் திறந்து பார்க்கிற மாதிரி ஒரு வலைப்பக்கம் செய்தேன். ஒரு பெயரைத் தொட்டால் மேலே பெற்றோர், கீழே பிள்ளைகள், வட்டத்துக்குள் புகைப்படம். மாமனையும் அத்தை மகனையும் கட்டிக்கொண்ட குடும்பம் எங்களுடையது. ஒரே ஆள் இரண்டு கிளையில் வந்து நிற்பார். அந்தக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் வரைவதற்கே என் சாயங்காலங்கள் எல்லாம் போயின.

இறந்தவர்களின் படத்துக்கு மட்டும் ஒரு மல்லிகை மாலை வரைந்து வைத்தேன். எங்கள் வீடுகளில் மாலை போட்ட படத்தைப் பார்த்தால் விளக்கம் தேவையில்லை. ஆனால் பாட்டன், முப்பாட்டன் இறந்த தேதி யாருக்கும் தெரியவில்லை. பிறந்த தேதியும் தெரியவில்லை. அதனால் கணினிக்கு ஒரு வரிக் கட்டளை எழுதினேன்: பிறந்த தேதி காலியாக இருந்தால் பழைய ஆள், மாலை போடு. மேல் வரிசையைத் திறந்து பார்த்தேன். எல்லோருக்கும் மாலை அழகாக விழுந்திருந்தது. கீழே இறங்கிப் பார்க்கவில்லை.

கீழே என் அக்காவின் கணவர் இருந்தார்.

பல வருடங்களுக்கு முன் ஒருநாள் வேலைக்குக் கிளம்பிப் போனவர் திரும்பி வரவில்லை. போலீசில் புகார் கொடுத்தோம், பத்திரிகையில் படம் போட்டோம், தெரிந்த ஊர்களிலெல்லாம் தேடினோம். இருக்கிறாரா, இல்லையா, இன்றுவரை தெரியாது. அக்கா ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறாள். தினமும் குங்குமம் வைத்துக்கொள்கிறாள். அவரைப் பற்றி நாங்கள் யாரும் பேச்செடுப்பதில்லை. விவரம் சேர்த்தபோது எல்லோருக்கும் போன் செய்து பிறந்த தேதி கேட்டேன். அவருடையதை மட்டும் அக்காவிடம் கேட்கவில்லை. அவள் மனதைக் கிளற வேண்டாம் என்று அந்த இடத்தைக் காலியாக விட்டேன். அதை இங்கிதம் என்று நினைத்தேன்.

நிச்சயதார்த்தத்தில் ஆரத்தி எடுக்கப்போவது அக்கா என்று மகள் முன்பே சொல்லிவிட்டிருந்தாள். சுமங்கலிகள்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் இரு வீட்டாரின் வழக்கம்.

தலையைத் துவட்டிக்கொண்டே போனை எடுத்தேன். “ஆழ்ந்த இரங்கல். மூத்த மாப்பிள்ளை எப்ப தவறினாரு? ஒரு வார்த்தை சொல்லலியே” என்று பெரியப்பா எழுதியிருந்தார். அதற்குக் கீழே கூப்பிய கைகள் வரிசையாக. பக்கத்தைத் திறந்தேன். கல்யாணப் படத்தில் சிரித்துக்கொண்டிருந்த மனிதரின் கழுத்தில் நான் வரைந்த மாலை.

திருத்த ஒரு வரிதான். திருத்தினேன். அக்காவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. குழுவில் ‘மென்பொருள் பிழை, மன்னிக்கவும்’ என்று போட்டேன்.

“பிழைன்னு மட்டும் போட்டா எப்படிங்க? அவரு இருக்காருன்னு போடுங்க” என்றாள் மனைவி.

“இருக்காருன்னு எப்படிப் போடறது?”

அவள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

மண்டபத்தில் மாப்பிள்ளையின் அம்மா என்னைச் சமையல்கட்டுப் பக்கம் அழைத்துப் போனார். “தப்பா எடுத்துக்காதீங்க. காலையில அந்தப் படத்தைப் பார்த்ததுலேருந்து எங்க பெரியவங்க ஒரு மாதிரி இருக்காங்க. ஆரத்தியை வேற யாராவது எடுக்கட்டுமே.”

தப்பு என்னுடையது, அக்காவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் மகளுக்கு ஏற்கெனவே ஒரு இடம் பேசி முடிந்து கடைசி நேரத்தில் கைவிட்டுப் போயிருந்தது. அந்தப் பயம் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

“சரிங்க” என்றேன்.

திரும்பினால் வாசல்படியில் மகள், பாதி பூ வைத்த தலையோடு.

“என்னப்பா சரிங்க?”

“மெதுவாப் பேசும்மா.”

“அத்தைகிட்ட யாரு சொல்லப் போறது? நீங்களா? இல்ல, அதையும் வாட்ஸாப்ல போட்டுடுவீங்களா?”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அத்தைக்குப் போன் செய்தாள். என் போனை எடுக்காதவள் அவள் போனை எடுத்தாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. சிறிது நேரம் கழித்துக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, “அத்தை வர்றாங்க. அவங்க ஆரத்தி எடுக்கறதா இருந்தாத்தான் நான் வெளியே வருவேன்” என்று மட்டும் சொன்னாள்.

மாப்பிள்ளை மேடையில் தனியாக உட்கார்ந்து வாட்ச்சைத் திருகிக்கொண்டிருந்தார். நல்ல நேரம் முடியப் போகிறது என்று யாரோ சத்தமாகவே சொன்னார்கள். மனைவி மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள். நானே வண்டியை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய் அக்காவை அழைத்து வந்திருக்கலாம். அவள் முகத்தை வழியெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரத் தைரியம் இல்லை. வாசலில் வருகிறவர்களுக்குச் சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தேன். அக்காவைத் தவிர வரவேண்டியவர்கள் எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள்.

ஆட்டோவில் வந்து இறங்கினாள் அக்கா. அரக்குப் பட்டு, நெற்றியில் குங்குமம். கண்கள் வீங்கியிருந்தன. நான் நீட்டிய சந்தனத்தைத் தொடாமல் நேராக மாப்பிள்ளையின் அம்மாவிடம் போனாள்.

“உங்களுக்குச் சங்கடமா இருந்தா எங்கிட்டயே சொல்லுங்கம்மா. அவரு இல்லேன்னு இதுவரைக்கும் யாரும் வந்து எங்கிட்ட சொல்லல. சொல்ற அன்னிக்கு நானே ஒதுங்கிக்குவேன். யாரும் ஒதுக்க வேண்டாம்.”

அந்த அம்மா தரையைப் பார்த்தார். பிறகு என் மனைவியின் கையிலிருந்த தட்டைத் தானே வாங்கி அக்காவிடம் கொடுத்தார். “எடுங்க. நேரமாகுது” என்றார்.

மகள் வந்து மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மேடையருகே போய், “அக்கா...” என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் தட்டை உயர்த்தினாள்.

“தள்ளி நில்லுடா. மாப்பிள்ளை முகம் தெரியல.”